செத்த காலேஜும் உயிர் காலேஜும்

(தலைப்பு: நகரத்து மனிதனுக்கு இயற்கையோடு உள்ள உறவு வேரோடு இருக்கிறதா? கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதா? – ‘வேரோடு இருக்கிறது’ என்ற அணியில் பேசியது.)

    

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் என்ன சொன்னார்கள்? “பால் எங்கேயிருந்து வருதுன்னு நகரத்துப் பிள்ளையைக் கேட்டா, பாக்கெட்டிலிருந்து வருதுங்குது” என்றார்கள். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நடுவர் ஐயா, இந்தப் பால் பாக்கெட்டை முப்பது வருஷமாக எல்லாப் பட்டிமன்றத்திலும் உடைக்கிறோம். இன்னும் திரியாமல் இருக்கிறது பாருங்கள், அது எந்தக் கம்பெனிப் பால் என்றுதான் நான் கேட்க வேண்டும்! (சிரிப்பு)

அடுத்து ஒன்று சொன்னார்கள். அதுதான் விஷயம். “நகரத்து இயற்கைக்கு மியூசியத்தில் கண்காட்சி வைக்கிறார்கள் என்றாலே அது செத்துப் போச்சு என்று அர்த்தம். உயிரோடு இருக்கிற மாமியார் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா?” என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. போட ஆசைப்படுகிறவர்கள் இருக்கலாம். போட்டவர்கள் கிடையாது. (சிரிப்பு, கைதட்டல்) அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

மியூசியம் என்றதும் சென்னையில் நமக்கெல்லாம் நினைவு வருவது எழும்பூர். 1851-இல் தொடங்கியது. முதலில் அது இருந்தது கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில். பிறகுதான் பாந்தியன் சாலைக்கு வந்தது. எட்வர்ட் பால்ஃபோர் என்று ஒரு டாக்டர், ஸ்காட்லாந்துக்காரர். அவர்தான் முதல் பொறுப்பாளர். கல்லைக் கொண்டுவந்து வைத்தார், எலும்பை வைத்தார், பஞ்சடைத்த பறவையை வைத்தார். ஜனங்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். அப்புறம் மனுஷன் ஒரு காரியம் செய்தார். உயிருள்ள மிருகங்களைக் கொண்டுவந்து அங்கேயே கட்டிப்போட்டார். அவ்வளவுதான்! கூட்டம் அலைமோதிவிட்டது. 1855-இல் அந்த வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சி சாலை உருவாகிவிட்டது. பிறகு அது சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-இல் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு நாம் குழந்தை குட்டிகளோடு புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறோமே, அந்த வண்டலூர்ப் பூங்காவின் பூர்வீகம் எழும்பூர் மியூசியம்!

இது சரித்திரம். இந்தச் சரித்திரத்துக்குப் பழைய மெட்ராஸ் ஜனங்கள் என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? படிக்காத ஜனங்கள் ஐயா. ரிக்‌ஷா இழுத்தவர்கள், பூ விற்றவர்கள். மியூசியத்துக்கு ‘செத்த காலேஜ்’ என்று பெயர் வைத்தார்கள். மிருகக்காட்சி சாலைக்கு ‘உயிர் காலேஜ்’ என்று பெயர் வைத்தார்கள். (கைதட்டல்) கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கியதால் காலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். இருக்கட்டும். அந்தப் பெயரில் இருக்கிற அறிவைப் பாருங்கள். செத்தது எது, உயிரோடு இருப்பது எது என்று நகரத்து ஏழைக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. எதைப் பார்க்க அதிகம் போனான்? உயிரைப் பார்க்கப் போனான். உறவு அறுந்தவன் உயிரைத் தேடிப் போக மாட்டான் நடுவர் அவர்களே. இன்றைக்கும் காணும் பொங்கல் அன்றைக்குப் போய்ப் பாருங்கள். மெரினா, கிண்டி, வண்டலூர்! கால் வைக்க இடம் இருக்காது. ஊரே கடலுக்கும் மானுக்கும் ‘பொங்கல் வாழ்த்து’ சொல்லிவிட்டு வருகிறது.

எதிரணித் தலைவர் சிரிக்கிறார். “வருஷத்துக்கு ஒரு நாள் போனால் உறவா?” என்று கேட்கப் போகிறார். அண்ணே, நீங்கள் உங்கள் மாமனார் வீட்டுக்கு வருஷத்துக்கு எத்தனை நாள் போகிறீர்கள்? (சிரிப்பு) உறவு இல்லை என்று சொல்லிப் பாருங்களேன், வீட்டில்!

சரி, நான் தமிழ் வாத்தியார். என் வழியில் கொஞ்சம் வருகிறேன். நீங்கள் தினம் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிறீர்களே, என்ன ஊர் சொல்லி எடுக்கிறீர்கள்? புரசைவாக்கம். புரசு என்பது மரம். இலையெல்லாம் உதிர்ந்து, நெருப்புப் பிடித்த மாதிரி பூக்கிற மரம். பெரம்பூர். பிரம்பு வளர்ந்த ஊர் என்பார்கள். திருவேற்காடு. வேல மரக்காடு. திருமுல்லைவாயில். முல்லைக்கொடி. திருவல்லிக்கேணி. அல்லி பூத்த கேணி. கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போடும்போதுகூட நாம் ஒரு மரத்தின் பெயரையோ ஒரு பூவின் பெயரையோ சொல்லிக்கொண்டுதான் சண்டை போடுகிறோம். (கைதட்டல்)

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் தலமரம் புன்னை. திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலில் வன்னி. இந்தப் புன்னையைப் பற்றி நற்றிணையில் ஒரு செய்தி இருக்கிறது. ஒரு பெண், புன்னை மரத்தடியில் நின்று காதலனோடு பேச வெட்கப்படுகிறாள். ஏன்? “நாங்கள் விளையாட்டாகப் புதைத்த விதை முளைத்து வளர்ந்த மரம் இது. இது உனக்குத் தங்கை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். தங்கைக்கு முன்னால் எப்படிச் சிரித்துப் பேசுவது?” இது பழைய கதை என்று தள்ளாதீர்கள். கோயிலுக்குப் போகிற நகரத்துப் பெண் இன்றைக்கும் அந்த மரத்தைச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாள்.

நடுவர் அவர்களே! உறவு என்றால் என்ன? இரண்டு பக்கம் இருந்தால்தான் உறவு. எதிரணி ஒரு பக்கத்தை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது. மனிதன் மறந்துவிட்டான், மனிதன் மறந்துவிட்டான் என்று. அந்தப் பக்கம் மறந்ததா? தென்சென்னையில் பள்ளிக்கரணை என்று ஒரு சதுப்பு நிலம். சுற்றியிருக்கிற ஏரிகளெல்லாம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அங்கேதான் வந்து இறங்கும். ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய்க் கோவளம் பக்கம் கடலில் சேரும். அந்தச் சதுப்பு ஒரு காலத்தில் சில ஆயிரம் ஹெக்டேர். நாம் என்ன செய்தோம்? ஒரு பக்கம் குப்பையைக் கொட்டினோம். ஒரு பக்கம் ரோடு போட்டோம். ஒரு பக்கம் மாடி கட்டினோம். கட்டிவிட்டு, இது சதுப்பு என்பதை மறந்துவிட்டோம். தண்ணீர் மறந்ததா? 2015 டிசம்பரில் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மறுபடி வந்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் காலிங் பெல் அடிக்காமல் வீட்டுக்குள்ளே வந்தது. “இது என் இடம், நீ யாரப்பா?” என்று கேட்டது. (கைதட்டல்)

அது கோபம். கோபம் எங்கே இருக்கும்? உறவு இருக்கிற இடத்தில்தான் இருக்கும். 2022-இல் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலம் என்று அறிவித்தார்கள். சண்டை போட்ட சொந்தக்காரன் பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். அவ்வளவுதான். இன்னும் சமாதானம் ஆகவில்லை.

இன்னொன்று. பெசன்ட் நகர் கடற்கரை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நடுராத்திரியில் போனால் அங்கே கொஞ்சம் பிள்ளைகள் நடந்துகொண்டிருப்பார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் மணலில் கண்ணை வைத்துக்கொண்டு நடப்பார்கள். எதற்கு? பங்குனி ஆமை முட்டையிட வரும். ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டை. அந்த முட்டையை நாய் கிளறிவிடாமல், யாரும் மிதித்துவிடாமல் எடுத்துக்கொண்டு போய்ப் பாதுகாப்பான இடத்தில் புதைத்து, நாற்பத்தைந்து ஐம்பது நாள் காத்திருந்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். ஏன் விட வேண்டும், அதுவே போகாதா? போகும். வெளிச்சம் இருக்கிற திசையில் போகும். இயற்கையாக ராத்திரியில் வெளிச்சமாகத் தெரிவது கடல்தான். ஆனால் நாம் இந்தப் பக்கம் தெருவிளக்குப் போட்டு வைத்திருக்கிறோம். பாவம், பிறந்த குழந்தை கடல் என்று நினைத்து ரோட்டுக்கு வருகிறது. அதனால் இந்த மாணவர்கள் 1988-லிருந்து தலைமுறை தலைமுறையாக நடக்கிறார்கள். சம்பளம் கிடையாது. மறுநாள் காலையில் காலேஜில் தூங்கி விழுவார்கள். என் வகுப்பில் தூங்கியிருந்தால் மன்னிப்பேன். என் வகுப்பில் மற்றவர்களும் தூங்குவார்கள் என்பது வேறு விஷயம். (சிரிப்பு)

2025 ஜனவரியில் அதே கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான். மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். வலையில் சிக்கி, மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் சாகிறது. இதையும் நான் மறைக்கவில்லை. எதிரணி சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். உறவு இருக்கிறது என்று சொல்வதால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அண்ணன் தம்பி உறவில் வெட்டுக்குத்து இல்லையா?

இப்போது அந்தக் கண்காட்சிக்கு வருகிறேன். நடுவர் ஐயா மணியில் கை வைக்கிறார். ஐயா, இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இதற்காகத்தான் நான் இந்த அணியைக் கேட்டு வாங்கினேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. என் தகப்பனார் இறந்த பிறகு என் தாயாரைக் கோவில்பட்டிப் பக்கம் இருந்த எங்கள் கிராமத்திலிருந்து சென்னைக்குக் கூட்டிவந்துவிட்டேன். மூன்றாவது மாடி பிளாட். அம்மா அதிகம் பேச மாட்டார்கள். பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு நாள் ராத்திரி. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். அசோசியேஷன் செக்ரட்டரி வந்தார். “சார், ஒரு கையெழுத்து” என்றார். எதற்கு என்று கேட்டேன். “காம்பவுண்டில் வேப்பமரம் இருக்கே சார், இலை பூரா கார் மேலே விழுது. காக்கா எச்சம். வேர் வேற சம்ப் பக்கம் வந்திடும்போல. எடுத்திடலாம்னு எல்லாரும் சொல்றாங்க.” நான் விடைத்தாளிலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், அதிலும் போட்டுவிட்டேன். பன்னிரண்டு வீட்டில் பதினோராவது கையெழுத்து என்னுடையது. நான் முனைவர் பட்டம் வாங்கிய ஆய்வு என்ன தலைப்பில் தெரியுமா நடுவர் அவர்களே? சங்க இலக்கியத்தில் மரங்கள்! (அரங்கில் சலசலப்பு) சிரிக்கலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டு நாள் கழித்து என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஓர் அருங்காட்சியகத்தில் நகரமும் இயற்கையும் பற்றிக் கண்காட்சி நடக்கிறது, பார்த்து எழுதிக்கொண்டு வா என்று. வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போனால், தெருவோர மரங்களின் இலைகளை ஒட்டி வைத்திருந்தார்கள். காக்கா கட்டிய கூடு ஒன்று, பூராவும் கம்பி! குச்சி கிடைக்காத ஊரில் அது கம்பியைப் பொறுக்கிக் குடும்பம் நடத்தியிருக்கிறது. இன்னொரு பக்கம் வரிசையாகப் பித்தான்கள். அழுத்தினால் பறவைச் சத்தம் கேட்கும். பெயர் கிடையாது. கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். என் மகள் அழுத்தினாள். எனக்குக் காக்கையும் குயிலும் தெரிந்தது. அப்புறம் ஒன்று: “ஊப்... ஊப்... ஊப்...” கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி சத்தம். நான் முழிக்கிறேன்.

அம்மா சொன்னார்கள்: “செம்போத்துல்லா!”

“எப்பவோ ஊர்ல கேட்டது, ஞாபகம் வச்சிருக்கீங்களே அம்மா” என்றேன்.

“ஊர்ல என்னத்துக்குய்யா? நம்ம வீட்டு மரத்துல தெனம் விடியக்காலைல கத்துதே.”

“நம்ம வீட்டுல ஏதும்மா மரம்?”

“அதான்யா. முந்தாநாத்து நீ கையெழுத்துப் போட்டியே, அந்த மரம்.”

நடுவர் அவர்களே, நான் மேடையில் முப்பது வருஷமாக நிற்கிறேன். எவ்வளவோ பேர் என்னை மடக்கியிருக்கிறார்கள். அன்றைக்கு மாதிரி நான் வாயடைத்து நின்றதில்லை. “அன்னைக்கே ஏம்மா சொல்லலை?” என்று கேட்டேன். அம்மா சொன்னார்கள்: “நீ படிச்சவன். கையெழுத்துப் போட்டா அதுல ஏதாச்சும் காரணம் இருக்கும்னு நெனச்சேன்.” (அரங்கில் அமைதி)

வெளியே வருகிற இடத்தில் ஒரு பலகை. பக்கத்தில் சின்னச் சின்ன அட்டைகள். உங்கள் தெருவில் இருக்கிற ஒரு மரம், ஒரு பறவை, ஏதாவது ஓர் உயிர் பற்றி எழுதி ஒட்டுங்கள் என்று போட்டிருந்தது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பேத்தியிடம் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: “எங்க தெருவுல ஒரு வேப்பமரம் இருக்கு. செம்போத்து வரும். வர்ற ஞாயித்துக்கிழமை வெட்டப் போறாக.” எழுதி, ஒட்டிவிட்டு வந்தோம்.

அன்றைக்கு ராத்திரியே செக்ரட்டரி வீட்டுக்குப் போனேன். கையெழுத்தை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். அவர் தங்கமான மனிதர். “சார், உங்க ஒண்ணு போனாலும் இன்னும் பத்து இருக்கு சார்” என்றார். சங்க இலக்கியமெல்லாம் எடுத்துச் சொன்னேன். காபி கொடுத்து அனுப்பிவிட்டார். (சிரிப்பு)

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பார்த்தால் அம்மாவைப் படுக்கையில் காணோம். கீழே ஓடினேன். அம்மா மரத்தடியில் நிற்கிறார்கள். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, மரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கையைக் கூப்பிக்கொண்டு, “மன்னிச்சிரு தாயீ, எம்மவன் தெரியாமக் கையெழுத்துப் போட்டுட்டான்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வெட்டுகிற மரத்திடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். காப்பாற்ற வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்ததில்லை. விடை கொடுக்கத்தான் போனார்கள்.

எட்டு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். கையில் கயிறு, அரிவாள், ரம்பம். பெரியவர் ஒருவர் மரத்தைப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். “சார், ஆத்தா வந்து உக்காந்துடுச்சு. நான் தொட மாட்டேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு” என்றார். செக்ரட்டரி என்ன செய்வார்? அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்கடுத்த நாள் மரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. யார் வைத்தது என்று விசாரித்தேன். செக்ரட்டரி வீட்டம்மா! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி கேட்கலாம்: “இது பயம்தானே ஐயா, உறவா?” நியாயமான கேள்வி. பயம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நிறுத்தும். ஏழு வருஷத்தை நிறுத்தாது. நிறுத்தியது வேறு. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் எல்லா வீட்டு அம்மாக்களும் கீழே இறங்கி வந்தார்கள். என் தாயார் செம்போத்துக் கதையைச் சொன்னார்கள். முதல் மாடி அம்மா சொல்கிறார்: “நானும் தினம் அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். என்னதுன்னு தெரியாது. யார்கிட்டயும் சொன்னதில்லை.” இரண்டாம் மாடி அம்மா: “அந்தக் கிளை ஆடுறதைப் பார்த்துட்டுத்தான் நான் காபியே போடுவேன்.” ஒரு பெரியவர்: “சாயங்காலம் அந்த நிழல் இல்லேன்னா நான் எங்கே போய் உட்காருவேன்?” பன்னிரண்டு வீட்டிலும் உறவு இருந்திருக்கிறது ஐயா! ஒருத்தரும் இன்னொருத்தரிடம் சொல்லவில்லை. சொல்லாததால் இல்லை என்று நினைத்துப் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

அந்தக் கண்காட்சி என்ன செய்தது? புதிதாக ஓர் உறவை உண்டாக்கவில்லை. இருந்த உறவுக்கு ஒரு பித்தானை அழுத்தியது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சத்தம், வெளியே இருந்த மரத்தைக் காட்டிக் கொடுத்தது. செத்த காலேஜில் படித்த பாடத்தை வைத்து உயிர் காலேஜில் பாஸ் பண்ணினோம். (கைதட்டல்)

கடைசியாக ஒன்று. எதிரணி நண்பர்கள் நல்ல எண்ணத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் கேட்கிற தீர்ப்பு ஆபத்தான தீர்ப்பு. உறவு செத்துவிட்டது என்று நடுவர் தீர்ப்புச் சொன்னால் நமக்கெல்லாம் நிம்மதி. செத்துப்போன உறவுக்குச் செய்முறை கிடையாது, கடமை கிடையாது, கணக்குக் கிடையாது. ஒரு மாலையைப் போட்டுவிட்டு வந்துவிடலாம். உயிரோடு இருக்கிறது என்று சொன்னால்தான் கஷ்டம். நாளைக் காலையில் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சதுப்புக்குப் பதில் சொல்ல வேண்டும், ஆமைக்குப் பதில் சொல்ல வேண்டும், அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அடையாறு ஆலமரத்தை எல்லோரும் அறிவீர்கள். 1989-இல் புயல் காற்றில் அதன் நடு அடிமரம் சாய்ந்துவிட்டது. மரம் செத்ததா? விழுதுகள் தாங்கி நிற்கின்றன. எங்கள் தலைமுறை அடிமரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. என் தாயார் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்து விடியற்காலையில் செம்போத்துச் சத்தம் கேட்கிறவள் என் மகள். மஞ்சள் பூசுகிறாளா என்று கேட்காதீர்கள். தண்ணீர் ஊற்றுகிறாள்.

அம்மா ஒட்டிவிட்டு வந்த அட்டையில் ஒரு பிழை இருந்தது. நான் வாத்தியார், பிழையைத் திருத்தாமல் விட மாட்டேன். கண்காட்சி என்றைக்கோ முடிந்துவிட்டது. அதனால் இந்த மேடையில் திருத்துகிறேன். கடைசி வரியை அடித்துவிடுகிறேன். மீதி இருப்பதைப் படிக்கிறேன்: எங்கள் தெருவில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. செம்போத்து வரும்.

‘இருக்கிறது’ என்ற அந்தச் சொல்லைத்தான் நடுவர் அவர்களிடம் தீர்ப்பாகக் கேட்டு அமர்கிறேன்.  (நீண்ட கைதட்டல்)